புதுச்சேரிக் கருவாட்டுக் களமும் இரண்டு விசாரணைகளும்

பிரெஞ்சு எல்லையின் பழைய சுங்கச் சாவடியில் ஆளே இல்லை. ஆனாலும் பஸ் நின்றது.

"எவன்யா இங்க நிறுத்தச் சொன்னது?" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினார்.

"நான் எங்க நிறுத்தினேன்? கால் தானாப் போயி பிரேக்குல குந்திக்கிச்சு" என்றார் டிரைவர்.

அதற்குள் ஒரு பெரியவர் இறங்கிவிட்டார். தூசு படிந்த பெஞ்சின் மேல் தன் துணி மூட்டையை வைத்து அவிழ்த்தார். இரண்டு துண்டு, ஒரு சீப்பு, பேரப்பிள்ளைக்கு வாங்கின பொரியுருண்டை. எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டு யாராவது வருவார்களா என்று பார்த்தார்.

"பெரியவரே, ஏறுங்க. இது இப்ப நம்ம தேசம். கொடி மாறி எத்தினி வருஷம் ஆச்சு!" என்றார் கண்டக்டர்.

"மாறட்டும்ப்பா. காட்டாமப் போனா நாளைக்கு நம்மளத்தான குத்தம் சொல்லுவாங்க?" என்று சொல்லிக்கொண்டே நிதானமாக மூட்டையைக் கட்டினார்.

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைத்த மாதிரி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனவன் நான். மீதியெல்லாம் கலெக்டர் ஆபீஸ் வராந்தாக்களில், ஜனங்கள் பேசிக் கேட்டது.

என் தொழிலைச் சொல்லிவிட வேண்டும். கார்டில் 'சர்க்கார் விவகார ஆலோசகர்' என்று அச்சடித்து வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி கேட்பவர்களிடம் 'ஆபீஸ் படி ஏறுறாரு' என்று முடித்துவிடுவாள். எந்தப் பைல் எந்த மேஜையில் தூங்குகிறது, அதை எழுப்ப யாரை எப்போது பார்க்க வேண்டும், விசாரணையில் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதுதான் என் சரக்கு. வியாபாரிகள் வாங்குகிறார்கள். நான் பிழைக்கிறேன்.

இந்தத் தடவை என்னை அனுப்பியவர் சிந்தாதிரிப்பேட்டைக் கருவாட்டு மொத்த வியாபாரி ஒருவர். புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்திலிருந்து அவருக்குச் சரக்கு வருகிறது. அந்தக் குப்பத்துக் கருவாடு காய்கிற மணல்மேட்டை ஒரு கம்பெனி கிடங்கு கட்டக் கேட்டிருக்கிறதாம். "அந்தக் களம் போச்சுன்னா அந்தச் சரக்கும் போச்சு. போய் நிறுத்திட்டு வாங்க" என்றார். குப்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களுக்கு ஆன வம்பு போதும்.

*

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரிக்‌ஷாக்காரர் பெட்டியை வாங்கிக்கொண்டார். "சாராயமா சார், பிராந்தியா?"

"ஆபீசுக்குப்பா."

வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். "மெட்ராஸ்லேர்ந்து வந்து ஆபீசுக்கா போறீங்க? அங்க இல்லாத ஆபீசா? அங்க இல்லாதது வேற ஒண்ணுதான் சார் இங்க இருக்குது."

மதுவிலக்கு ஊரிலிருந்து வருகிறவனுக்கு இங்கே வேறு வேலை இருக்கும் என்று யாரும் நம்புவதில்லை. நான்கு நாளில் என்னிடம் இதைக் கேட்காதவர் கோயில் குருக்கள் ஒருவர்தான்.

தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கின்றன. சென்னையில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் எங்கே வெளியே வருவோம் என்று சொல்ல முடியாது. இங்கே தெருவின் இந்த முனையில் நின்றால் அந்த முனையில் கடல் தெரிகிறது. நடுவே வாய்க்கால். அதற்குக் கிழக்கே மஞ்சள் சுவர்களும் பூட்டிய ஜன்னல்களும்; மேற்கே நம் ஜனங்களின் சத்தம். ஒரு காப்பிக் கடையில் முழ நீளத்துக்கு ரொட்டி கொடுத்தார்கள். எப்படிச் சாப்பிடுவது என்று நான் முழிக்க, பக்கத்திலிருந்தவர் தன் ரொட்டியை முறித்துக் காப்பிக்குள் முக்கிக் காட்டினார். "கடிச்சா பல்லு போயிடும் முசியே. முதல்ல அதுக்கு முழுக்காட்டு." முசியே என்றால் இங்கே ஐயாவாம். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

நகரசபையை இங்கே 'மேரி' என்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப் பொழுது, கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். இனி மூன்று மணிக்குத்தான். வெள்ளைக்காரன் தூங்கப் போனான் என்று வந்த வழக்கம். அவன் கப்பலேறிய பிறகும் தூக்கம் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

மூன்று மணிக்கு ஒரு வயதான குமாஸ்தா கிடைத்தார். வெள்ளைக் கால்சட்டை, கழுத்தில் கறுப்புப் பட்டி. பிரெஞ்சில் எழுதுகிறார், தமிழில் திட்டுகிறார். இது எந்தச் சட்டப்படி நடக்கிறது, யார் முடிவு செய்வது என்று கேட்டேன்.

"சட்டம் பிரான்சுது. சம்பளம் டில்லிது. வெயில் ஒண்ணுதான் முசியே நம்மளுது" என்றார். பிரான்ஸ் ஊரைக் கைமாற்றிக் கொடுக்கிற ஒப்பந்தம் இன்னும் முழுசாக நிறைவேறவில்லையாம். அதனால் பழைய சட்டம் இருக்கிறது. பழைய எஜமான் இல்லை.

களத்தைப் பற்றிக் கேட்டதும் சுலபமாகச் சொல்லிவிட்டார். "அது முடிஞ்சு போன விஷயமாச்சே! குப்பத்து ஆளுங்களைக் கூப்பிட்டு விசாரணை வெச்சாரு புது ஆபீசர். கிடங்கு வர்றதுல யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேட்டாரு. நான்தான் தமிழ்ல சொன்னேன். ஒருத்தன் வாயைத் திறக்கல. எழுந்து போயிட்டானுங்க. ஆட்சேபணை இல்லைன்னு எழுதியாச்சு."

*

மறுநாள் குப்பத்துக்குக் கிளம்பினேன். முதலியார்பேட்டை தாண்டிக் கடல் பக்கம் திரும்பியதும் ரிக்‌ஷா மணலில் புதைந்தது. நான் இறங்கித் தள்ளினேன். சங்கிலி கழன்றது. "நீங்க ஏறி உக்காந்தப்பகூட இவ்ளோ கஷ்டப்படல சார், நீங்க தள்ளினதும்தான் போச்சு" என்றார் ரிக்‌ஷாக்காரர். மீதி தூரம் நடந்தேன்.

கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிட்டது. மேடான மணல். அலை ஏறாது, மர நிழல் விழாது, காற்று இரண்டு பக்கமும் அடிக்கிறது. நெத்திலி ஒரு பக்கம் வெள்ளியாகப் பரந்து கிடந்தது. பிளந்த வாளையும் சுறாத் துண்டும் வேறொரு பக்கம். பத்துப் பதினைந்து பெண்கள் குனிந்து புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் வியாபாரிக்குச் சரக்குக் கட்டி அனுப்புகிற அஞ்சலை அவர்களில் ஒருத்தி. நாற்பது வயதிருக்கும். நான் பெயரைச் சொன்னதும் நிமிராமலே, "வெள்ளை வேட்டியோட நடுக்களத்துல நிக்காதீங்கண்ணே. அப்புறம் உங்க வூட்ல அண்ணி உங்களையும் சேத்து வெளியில காயப்போட்ரும்" என்றாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அந்த இடம் அப்போதே பிடித்துவிட்டது.

அவள் அண்ணன்தான் குப்பத்துத் தலைவர். நாட்டார் என்று அழைக்கிறார்கள். கறுத்து உயர்ந்த மனிதர். வார்த்தையைச் செலவழிக்க யோசிப்பவர். வஞ்சிரக் குழம்பும் சுடுசோறும் போட்டார்கள். சென்னையில் மீன் என்று நான் இதுவரை சாப்பிட்டதெல்லாம் என்ன என்று சந்தேகம் வந்துவிட்டது. கையைக் கழுவிவிட்டுக் கேட்டேன்: "விசாரணையில ஏன் யாருமே ஒண்ணும் சொல்லலே?"

"சொன்னமே" என்றார் நாட்டார்.

"என்ன சொன்னீங்க?"

"வேண்டாம்னு."

"யார் சொன்னது?"

"எல்லாருந்தான். அவரு கேட்டாரு. நான் எழுந்து துண்டை உதறித் தோள்ல போட்டேன். எல்லாரும் எழுந்து உதறிப் போட்டாங்க. வந்துட்டோம்."

எனக்கு விளங்கவில்லை. அஞ்சலைதான் விளக்கினாள். குப்பத்துப் பஞ்சாயத்தில் ஒரு பேச்சு வந்து, அது பிடிக்கவில்லை என்றால் யாரும் பதில் பேசக்கூடாது. பேசினால் அதில் பேச ஏதோ இருக்கிறது என்று ஆகிவிடும். நாட்டார் துண்டை உதறிவிட்டு எழுந்தால், கூட எல்லோரும் எழுந்தால், அந்தப் பேச்சு அதோடு செத்தது. கேட்டவன் மறுபடி அதைப் பற்றி வாயைத் திறக்கக்கூடாது. "எங்க சித்தப்பாரு பங்கு கேட்டப்ப அப்படித்தான் எழுந்தாங்க. அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் அந்தாளு பங்குன்னு சொல்லலியே" என்றாள்.

"ஆபீஸ்ல சும்மா எழுந்து போனா சம்மதம்னு எழுதிக்குவாங்கம்மா" என்றேன்.

நாட்டார் என் பக்கம் திரும்பினார். "அம்பது பேரு அந்தாளு மூஞ்சிக்கு எதிர துண்டை உதறிட்டு வந்திருக்கோம். அது சம்மதமா? உங்க ஊர்ல பொண்ணு கேட்டு வந்தா, பொண்ணு ஊட்டுக்காரன் துண்டை உதறினா, தாலிக்குப் பொன்னு எடுக்கப் போயிடுவானா?"

இத்தனை வருஷமாக ஆபீஸ்களில் கேட்ட எந்த வாதத்தையும்விட அது சுத்தமாக இருந்தது. ஆனால் ஆபீசில் செல்லாது.

*

மூன்றாம் நாள் ஆபீசரைப் பார்த்தேன். வடக்கத்தி மனிதர், தமிழும் தெரியாது, பிரெஞ்சும் தெரியாது. என் அரைகுறை இங்கிலீஷில் துண்டு விஷயத்தைச் சொன்னேன். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். கவனமாகக் கேட்டார், கூடச் சிரித்தார். பிறகு அவர் சொன்னதன் சாரம் இது: "துண்டை நான் எப்படி எழுதுவது? அவர்கள் மறுக்கிறார்கள் என்றால் வந்து வாயால் மறுக்கட்டும். இன்னொரு விசாரணை வைக்கிறேன்."

அறையில் இன்னொருவரும் இருந்தார். முசியே அந்துவான், இந்த ஊர்க்காரர். வெள்ளை ஸூட், மடியில் தொப்பி. கிடங்குக் கம்பெனிக்காக ஆபீஸ் படி ஏறுகிறவர். அதாவது என் ஜாதி. அவர் எதிர்ப்பார் என்று இருந்தேன். மாறாக எழுந்து என் கையைக் குலுக்கினார். "ரொம்ப நல்ல யோசனை முசியே. ஜனங்க பேசட்டும். அதுதானே புது ஆட்சி!"

வெளியே வந்ததும் கேட்டேன்: "உங்களுக்கு அந்தத் துண்டு வழக்கம் தெரியுமா?"

"அந்தக் குப்பத்துல மீன் வாங்கித் தின்னு வளந்தவன் நான். தெரியாதா?"

"அப்ப ஏன் ஆபீசர்கிட்ட சொல்லலே?"

"என்னை யாரும் கேக்கலியே" என்றார், சிரித்த முகமாக. அதற்குப் பிறகு எனக்கு ஒரு சுருட்டு கொடுத்தார். நல்ல சுருட்டு. இவர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார் என்று அப்போதே யோசித்திருக்கலாம். இன்னொரு விசாரணை வாங்கிவிட்ட குஷியில் எனக்கு அது தோன்றவில்லை.

சாயங்காலம் களத்தில் எல்லோரையும் உட்காரவைத்தேன். நாட்டாருக்குப் பிடிக்கவே இல்லை. "சொன்னதை எதுக்கு மறுபடி சொல்றது? சரி, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துட்றோம்."

"ஏன்னு கேப்பாங்க நாட்டாரே. காரணம் சொல்லணும்."

"வேண்டாங்கிறதுக்கு என்னா காரணம்? வேண்டாம். அதான் காரணம்."

நான் என் தொழிலின் பாடத்தை எடுத்து வைத்தேன். ஒரே வாக்கியத்தை ஐம்பது பேர் சொன்னால் ஆபீசர் நம்ப மாட்டார். யாரோ சொல்லிக்கொடுத்தது என்பார். ஒவ்வொருவரும் தன் தன் கஷ்டத்தைத் தன் வாயால் சொல்ல வேண்டும். கட்டுமரம் ஏற்ற இடம் போகிறதா, அதைச் சொல். வலை காய இடமில்லையா, அதைச் சொல். கஷ்டம்தான் ஆபீசில் விலை போகும். இந்த வழியில் நான் ஜெயித்த கேஸ்கள் உண்டு.

இளவட்டங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருவன் ஆபீசர் மாதிரி நடந்து காட்டினான். அஞ்சலை மட்டும், "நாங்களும் வரலாமாண்ணே? புரட்டுறது நாங்கதான?" என்று கேட்டாள்.

"பொம்பளைங்க எங்க வந்து குந்துறது? வழக்கமில்ல" என்றார் நாட்டார். ஒரு வழக்கத்தை அசைத்திருக்கிறேன், இரண்டாவதையும் தொட வேண்டாம் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். வெளியே மரத்தடியில் நின்றுகொள்கிறோம் என்றாள்.

*

மறுநாளே விசாரணை, மேரி கூடத்தில். மேலே விசிறி, கீழே பளபளக்கிற தரை. அதில் வெறுங்காலை வைக்கவே ஆட்கள் கூசினார்கள். ஆபீசர் இங்கிலீஷில் கேட்க, அந்துவான் பிரெஞ்சில் ஒரு தடவை அலங்காரமாகச் சொல்ல, வயதான குமாஸ்தா தமிழில் போட்டார்: "யாருக்கு என்ன கஷ்டமோ ஒவ்வொருத்தரா சொல்லலாம்."

முதல் ஆள் எழுந்தார். நன்றாகவே சொன்னார். "கட்டுமரம் ஏத்தி வைக்க எடம் இல்லாமப் போயிடும் சாமி. அலையில அடிச்சிட்டுப் போயிடும்."

ஆபீசர் அந்துவானைப் பார்த்தார். அந்துவான் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். குமாஸ்தா திருப்பிச் சொன்னார்: "வடக்கே கட்டுமரத்துக்குத் தனியா எடம் அளந்து குடுப்பாங்க. சரியா?"

அவர் என்ன சொல்வார்? "குடுத்தா சரி சாமி" என்று உட்கார்ந்தார்.

அடுத்தவர் வலை காயப்போடுவது பற்றிச் சொன்னார். கம்பெனி செலவில் கம்பு நட்டுத் தருவார்களாம். சாமி கடலாடப் போகிற வழி அடைபடும் என்றார் ஒருவர். வழி விட்டுத்தான் சுவர் எழுப்புவார்களாம். ஆபீசர் மாதிரி நடந்து காட்டிய பையன் எழுந்து, "புயல் மாசத்துல எங்களுக்கு வேலையே இல்லைங்க" என்றான். அதற்கும் களத்துக்கும் சம்பந்தமே இல்லை. கஷ்டத்தைச் சொல் என்றேனா, தன் பெரிய கஷ்டத்தைச் சொல்லிவிட்டான். கிடங்கில் மூட்டை தூக்க முதலில் குப்பத்து ஆட்களைத்தான் எடுப்பார்கள் என்று பதில் வந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

நான் எழுந்து என் இங்கிலீஷில், "இவங்க கிடங்கே வேண்டாங்கிறாங்க, அதைக் கேளுங்க" என்றேன். "வெளியூர்க்காரர் குறுக்கே பேச வேண்டாம். அவர்களே பேசட்டும் என்று கேட்டது நீங்கள்தானே?" என்றார் ஆபீசர். நியாயம்.

கஷ்டங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கிடைத்தது, ஒவ்வொன்றும் உட்கார்ந்தது. கருவாடு காயப்போடுவதைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அது அங்கே இருந்த யாருடைய கஷ்டமும் அல்ல. அந்தக் கஷ்டம் வெளியே மரத்தடியில் நின்றது.

கடைசியில் நாட்டார் எழுந்தார். சுற்றி ஒரு தடவை பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து ஓங்கி ஒரு உதறு உதறி, மறுபடி தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

யாரும் எழவில்லை.

ஒரு சிலர் குனிந்து தரையைப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிற வேலையில் தன் தம்பிக்கும் இடம் உண்டா என்று ஒருவர் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் வரை போன நாட்டார் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் காலடிச் சத்தம் வரவில்லை என்பது அவருக்கே கேட்டிருக்கும்.

ஆபீசர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதினார். பிறகு எனக்காகத் தமிழில் முணுமுணுத்தார்: "சொன்ன குறைங்க எல்லாத்துக்கும் பரிகாரம் உண்டு. ஒருத்தர் மட்டும் ஒண்ணும் சொல்லாம வெளியில போயிட்டாரு."

படியில் அந்துவான் எனக்காகக் காத்திருந்தார். "முசியே, உங்ககிட்ட மறைக்க மாட்டேன். முதல் விசாரணை முடிஞ்சதுலேர்ந்து எனக்குப் பயம். அம்பது பேரு ஒண்ணா எழுந்ததை என்னைக்காவது ஒரு பெரிய அதிகாரி கேட்டு, இதுக்கு என்னா அர்த்தம்னு தோண்டினா என் காரியம் அம்போ. நல்ல வேளை, நீங்க வந்து அவங்களைத் தனித்தனியா பேச வெச்சீங்க." அதில் கேலி இல்லை. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரருக்கு நன்றி சொன்னார், அவ்வளவுதான். மறுபடி சுருட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நான் செய்த வீரம்.

மரத்தடியிலிருந்து அஞ்சலை வந்தாள். அவள் அண்ணன் அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தார்.

"என்னாண்ணே ஆச்சு? அண்ணன் மூஞ்சியே சரியில்ல."

"எல்லாரும் கஷ்டத்தை நல்லாச் சொன்னாங்கம்மா."

"கஷ்டம் எனக்குத் தெரியும்ண்ணே. வேண்டாம்னு சொன்னாங்களா?"

நான் ஆபீசர்களுக்கு இருபது வருஷமாகப் பதில் சொல்லிப் பழகியவன். சுற்றி வளைத்து ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெயில் இருக்குது. போய் ரெண்டாந்தரம் புரட்டணும்" என்று மற்றப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

*

மறுநாள் பஸ் நிலையத்துக்கு அஞ்சலை ஆள் அனுப்பியிருந்தாள். ஒரு ஓலைக் கூடை நிறைய நெத்திலிக் கருவாடு. 'அண்ணி கையில குடுங்க' என்று சொல்லச் சொன்னாளாம்.

கூடையைக் கூரை மேல் போடச் சொன்னார் கண்டக்டர். மாட்டேன் என்று மடியில் வைத்துக்கொண்டேன். பின்னால் யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். சுங்கச் சாவடி அருகே பஸ் வேகம் குறைந்தது. டிரைவருக்கு நினைவு வந்துவிட்டது போல, நிற்காமல் போய்விட்டது.

பக்கத்து ஸீட்டில் திண்டிவனத்துக்காரர் ஒருவர். வெகுநேரம் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நெத்திலியை எடுத்து முறித்துப் பார்த்தார். சட்டென்று முறிந்தது.

"மணலே இல்லியே! என்னமா காஞ்சிருக்குது! எங்க வாங்கினீங்க?"

முதலியார்பேட்டை தாண்டிக் கடல் பக்கம் திரும்ப வேண்டும், மணலில் ரிக்‌ஷா போகாது, இறங்கி நடக்க வேண்டும் என்று வழி சொன்னேன். அஞ்சலை என்று கேட்டால் காட்டுவார்கள் என்றேன்.

"அடுத்த மாசம் பாண்டிக்கு வர்ற வேலை இருக்குது. அப்ப போய்ப் பாக்கறேன்" என்றார்.

"சீக்கிரம் போங்க" என்றேன்.